மகள் எந்தப் பக்கத்தில் அழுதாள்?

தாய்மார்களே! உங்கள் வீட்டில் பதினாறு, பதினேழு வயதில் ஒரு பெண் இருக்கிறாளா? இரவு வெகுநேரம் வரை அவள் கையில் ஒரு கதைப் புத்தகமோ, கைப்பேசியில் ஒரு நாவலோ இருக்கிறதா? படிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொள்கிறாளா? "என்னடி கண்றாவி இது?" என்று பிடுங்கப் போகிறீர்களா? சற்றே பொறுங்கள். கையை நீட்டுவதற்கு முன் உங்கள் பழைய நாட்களைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்.

விடியுமுன் பிரட்டுக்கு ஓடி, பால் வெட்டி, வீடு திரும்பிச் சமையலையும் முடித்த பிறகு, மத்தியான வெயிலில் நீங்கள் எதைக் கையில் எடுத்தீர்கள்? சம்பளம் போட்ட வாரம் கிள்ளானிலோ பிரிக்பீல்ட்சிலோ யாராவது ஒருவர் வாங்கி வந்த மாத நாவலைத்தானே! ஒரு வீட்டில் வாங்கினால் லயம் முழுவதும் படித்துவிடும். அட்டை கிழிந்து, கடைசித் தாள் காணாமல் போய், முடிவைப் பக்கத்து வீட்டு அக்காளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவர்களும் உண்டு.

1969இல் தமிழகத்தில் 'ராணிமுத்து' தொடங்கியது. மாதம் ஒரு முழு நாவல் மலிவு விலையில் கைக்கு வந்தது. பிறகு 'மாலைமதி' போன்றவையும் வந்தன. லட்சுமி, சிவசங்கரி, அனுராதா ரமணன், நூற்றுக்கு மேல் நாவல் எழுதிய ரமணிசந்திரன் ஆகியோரின் பெயர்களைக் கேட்டால் இன்றும் உங்கள் முகம் மலர்கிறதல்லவா? அந்தத் தோட்டங்களில் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்தில் இருந்தவர்கள் அடுக்குமாடியில் இருக்கிறார்கள். ஆனால் மத்தியான நாவல் மறையவில்லை. அது உங்கள் மகளின் கைப்பேசிக்குள் குடியேறிவிட்டது.

காதல் கதை இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. மலாயாத் தமிழ் நாவலின் ஆரம்ப காலத்திலேயே, 1917இல் வந்த க. வெங்கடரத்தினத்தின் நாவல், தன் தலைப்பிலேயே 'காதலின் மாட்சி' என்று போட்டுக்கொண்டது. நம் பாட்டன் காலத்திலேயே தொடங்கிய பழக்கத்துக்கு இன்றைய பெண்ணை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நியாயமா?

'குறிஞ்சி மலர்' உங்களுக்கு நினைவிருக்கும். நா. பார்த்தசாரதி, 'மணிவண்ணன்' என்ற புனைபெயரில் 'கல்கி' இதழில் எழுதிய தொடர்கதை. அரவிந்தனும் பூரணியும் மனத்தால் ஒன்றானவர்கள். மணமாகுமுன்னே அரவிந்தன் இறந்துவிடுகிறான். அதைப் படித்தவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அரவிந்தன் என்றும் பூரணி என்றும் பெயர் வைத்தார்கள். இல்லாத ஒருவனுக்காக அழுது, அவன் பெயரைத் தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்குச் சூட்டினார்கள் என்றால், அந்தக் கண்ணீர் எவ்வளவு உண்மையாக இருந்திருக்க வேண்டும்!

இனி உங்கள் மகளின் புத்தகத்துக்கு வாருங்கள். ஜான் கிரீன் என்ற அமெரிக்கர் 2012இல் எழுதிய 'தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்' என்ற நாவலாக அது இருக்கலாம். ஹேசல், அகஸ்டஸ் என்ற இருவருமே புற்றுநோய் கண்ட இளம் வயதினர். காதலிக்கிறார்கள். அகஸ்டஸ் இறந்துவிடுகிறான். எங்கேயோ கேட்ட கதை போல இல்லையா? நீங்கள் அரவிந்தனுக்காக அழுதீர்கள். அவள் அகஸ்டசுக்காக அழுகிறாள். மொழி மாறியிருக்கிறது, ஊர் மாறியிருக்கிறது. கண்ணீர் மாறவில்லை.

அப்படியானால் எல்லாக் காதல் கதையும் நல்ல கதைதானா? இல்லை. இங்கேதான் பெற்றவர்கள் விழித்திருக்க வேண்டும்.

பல கதைகளில் நாயகன் முரடன். சீறுவான், கையைப் பிடித்து இழுப்பான், அவளை யாரோடும் பேச விடமாட்டான். கடைசி அத்தியாயத்தில், "அவ்வளவும் உன் மேல் வைத்த ஆசையால்தான்" என்பான். அவளும் உருகிவிடுவாள். காகிதத்தில் இது இனிக்கும். வீட்டில் அப்படி ஒருவனோடு வாழ்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் கசப்புத் தெரியும்.

அகிலனின் 'சித்திரப் பாவை'யை எடுத்துக்கொள்ளுங்கள். 1975ஆம் ஆண்டுக்கான ஞானபீடப் பரிசு பெற்ற நாவல் அது. ஆனந்தி விரும்பியது ஓவியன் அண்ணாமலையை. ஆனால் மாணிக்கம் என்பவன் அவளை வலிந்து முத்தமிட்டுவிடுகிறான். தொட்டவனுக்கே வாழ்க்கைப்பட வேண்டும் என்று நினைத்து, அவள் அவனையே மணக்கிறாள். பட வேண்டியதெல்லாம் பட்டபின், தாலியைக் கழற்றி எறிந்துவிட்டு வெளியேறுகிறாள். நம் பெண்கள் அந்த முடிவை எண்ணித் திகைத்தார்கள், வாதாடினார்கள்.

இன்றைய பெண்கள் படிக்கும் காலின் ஹூவரின் 'இட் எண்ட்ஸ் வித் அஸ்' 2016இல் வந்தது. அதில் லிலி என்பவள் ஒரு மருத்துவரை விரும்பி மணக்கிறாள். அவன் அன்பும் காட்டுகிறான், அடிக்கவும் செய்கிறான். மகள் பிறந்ததும், இந்தக் கொடுமை தன்னோடு முடியட்டும் என்று அவள் பிரிந்துவிடுகிறாள். தன் தாயின் வாழ்க்கையே இக்கதைக்குத் தூண்டுதல் என்று அந்த எழுத்தாளர் கூறியிருக்கிறார். தமிழ் நாவலுக்கும் ஆங்கில நாவலுக்கும் கேள்வி ஒன்றுதான்: வலிக்கச் செய்கிறவனின் பிடியை அன்பு என்று சொல்லலாமா?

இந்தக் கேள்வியை உங்கள் மகள் யாரிடம் கேட்பாள்? புத்தகத்தைப் பிடுங்கி அடுப்பில் போட்ட தாயிடம் கேட்பாளா? ஒளித்துப் படிக்கும் பெண்ணுக்கு, கதையில் வரும் முரடனைப் பற்றிப் பேச ஆள் இல்லை. நாளை நேரிலே ஒரு முரடன் வந்து நின்றாலும், அவள் அதையும் ஒளித்தே வைப்பாள். பயப்பட வேண்டியது புத்தகத்துக்கு அல்ல, அந்த மௌனத்துக்கு.

இன்னொன்றும் உண்டு. கதை தாலி கட்டும் இடத்தில் 'சுபம்' போட்டுவிடும். வாழ்க்கை அங்கேதான் ஆரம்பம். நம் நாட்டில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் தேதி முதல் நடப்பில் இருக்கிறது. திருமணப் பதிவு கட்டாயம். பொதுவாக 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 21 நிறையாதவர் என்றால் தந்தையின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். கோயிலில் மாலை மாற்றிக்கொண்டு பதிவை மறந்தவர்கள், பின்னால் மனைவி என்ற உரிமையை நிலைநாட்டவும் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயரைச் சேர்க்கவும் படாத பாடு படுகிறார்கள். எந்த நாவலும் இதைச் சொல்லாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

எப்படிச் சொல்வது? வழி எளிது. தமிழ்ப் புத்தகமானால் அவள் படித்தபின் நீங்களும் படியுங்கள். ஆங்கிலமானால், காய் நறுக்கும்போது "அந்தக் கதையை எனக்கும் சொல்லேன்" என்று கேளுங்கள். நடுவில் பிரசங்கம் வேண்டாம். முடிந்தபின், "அவன் கோபப்பட்டது உனக்குச் சரியாகப் பட்டதா? நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?" என்று மட்டும் கேளுங்கள். பதில் தானாக வரும். மகனிடமும் கேளுங்கள். கதாநாயகனைப் பார்த்து நடை பழகுகிறவன் அவன்தானே!

நம் நாட்டு எழுத்தையும் அவர்கள் கையில் கொடுங்கள். ரெ. கார்த்திகேசுவின் 'காதலினால் அல்ல' 1999இல் வந்த நாவல். பல்கலைக்கழக மாணவர்களின் வாழ்க்கையைச் சொல்வது. அகிலன் நம் ரப்பர்த் தோட்டங்களை வைத்து எழுதிய 'பால்மரக் காட்டினிலே'யும் இருக்கிறது. வெளிநாட்டுப் பூக்கடையில் நடக்கும் காதலைப் படிக்கிற பெண், தன் பாட்டி பால் வாளி சுமந்த மண்ணிலும் மனிதர்கள் ஆசைப்பட்டார்கள், அழுதார்கள் என்று தெரிந்துகொள்ளட்டும்.

இன்றிரவே தொடங்கிப் பாருங்கள். விளக்கை அணைக்கச் சொல்லி அதட்டுவதற்குப் பதிலாக, அவள் பக்கத்தில் போய் உட்காருங்கள். "எந்தப் பக்கத்தில் அழுதாய், அம்மா?" என்று மெதுவாகக் கேளுங்கள். முதல் நாள் "ஒன்றுமில்லை" என்பாள். மறுநாளும் கேளுங்கள்.