உபநிடதம் உறுமிய தொகுப்பு

டெத் மெட்டல் எனப்படும் இசைவகை 1980களின் நடுவில் அமெரிக்காவில் உருப்பெற்றது. கலிபோர்னியாவின் பொசெஸ்ட் குழு 1985இல் வெளியிட்ட ‘செவன் சர்ச்சஸ்’, ஃபுளோரிடாவில் சக் ஷுல்டினர் நடத்திய டெத் குழு 1987இல் வெளியிட்ட ‘ஸ்க்ரீம் பிளடி கோர்’ ஆகிய இரு முதல் தொகுப்புகளே அதன் இலக்கணத்தை வகுத்தன என்பது இசை வரலாற்றாளர் பலரும் ஏற்கும் கருத்து. சுருதி தாழ்த்திக் கரகரப்பேற்றிய மின்கிதார், இரு கால்களாலும் மிதித்து முழக்கப்படும் பெரிய டிரம், ‘குரோல்’ எனப்படும் அடித்தொண்டை உறுமல் ஆகியவை அதன் ஒலி அடையாளங்கள்; பிணமும் அழுகலும் கிறித்தவ எதிர்ப்பும் அதன் வழக்கமான பாடுபொருள்கள். கடவுளைப் பழிப்பதற்கென்றே அமைந்ததுபோல் தோன்றிய இந்த வடிவத்தை வேதாந்தம் பேசும் கருவியாக மாற்றத் துணிந்தவர்கள் சிங்கப்பூரின் தென்னிந்திய வம்சாவளி இளைஞர்கள்.

1992இல் தொடங்கப்பட்ட அவர்களது ‘ருத்ரா’ குழுவின் முதல் தொகுப்பு, குழுவின் பெயரையே தாங்கி 1998இல் வெளிவந்தது. பேஸ் கிதார் வாசித்துக்கொண்டே பாடும் கதிரும் டிரம் வாசிக்கும் சிவாவும் குழுவின் நிலையான தூண்கள். அக்காலச் சிங்கப்பூரில் மெட்டல் இசை பெரிதும் மலாய் இளைஞர்களின் களமாக இருந்தது. அப்ஹோரர், இம்பயட்டி போன்ற குழுக்கள் மேற்கத்திய மாதிரியை ஒட்டி, அதே வேகத்திலும் அதே பழிப்பிலும் இசைத்துக்கொண்டிருந்தன. ருத்ரா குழுவோ 1990களின் நடுவில் ஒருமுறை கலைந்து மீண்டும் கூடிய பின்னரே முதல் தொகுப்பை எட்டியது.

குழு தேர்ந்த பெயர் தற்செயலானதன்று. கிருஷ்ண யஜுர் வேதத்தில் இடம்பெற்று, பேரூர் முதலான சிவாலயங்களில் இன்றும் ஓதப்படும் ஸ்ரீருத்ரம், ருத்திரனின் சினத்துக்கும் அம்புக்கும் அஞ்சி வணங்குவதில்தான் தொடங்குகிறது. அச்சமூட்டும் தெய்வத்துக்கு அச்சமூட்டும் ஒலி பொருந்துவதில் வியப்பில்லை. ஆழமான பொருத்தம் சாவைப் பற்றியது. மேற்கத்தியக் குழுக்கள் சாவைப் பிணமாகக் கண்டு அங்கேயே நின்றுவிட, கட உபநிடதமோ நசிகேதன் என்னும் சிறுவனை யமனின் வாயிலுக்கே அனுப்பி, சாவையே ஆசிரியனாக்குகிறது. கோவையை அடுத்த ஆனைகட்டி ஆர்ஷ வித்யா குருகுலத்தில் வேதாந்தப் பாடம் கேட்ட ஒருவருக்கு ருத்ராவின் கருப்பொருள்கள் புதியவையாக இரா. அவற்றைச் சுமந்து வரும் ஓசை மட்டுமே அதிர்ச்சி தரும். அண்ணன்மார் கதையை உடுக்கடிப் பாட்டாகக் கேட்டு, அருள் வந்து ஆடுவோரையும் கண்டு வளர்ந்த கொங்கு நாட்டுச் செவிக்கு அந்த அதிர்ச்சியும் சற்றுக் குறைவாகவே இருக்கக்கூடும்.

முதல் தொகுப்பு திறந்த வழியில் குழு மேலும் துணிவாக நடந்தது. ‘தி ஆர்யன் குருசேட்’ 2001இலும் ‘குருக்ஷேத்ரா’ 2003இலும் வந்தன. 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் வெளியான ‘பிரம்மவித்யா’ முத்தொகுப்பே அதன் உச்சம் எனலாம். ‘வேத மெட்டல்’ என்ற வகைப்பெயர் ருத்ராவோடு நிலைபெற்றது. நேபாளத்தின் டையிங் அவுட் ஃபிளேம் குழு 2014இல் ‘சிவ ருத்ராஷ்டகம்’ என்ற முதல் தொகுப்பையும், மும்பையின் டெமானிக் ரெசரக்‌ஷன் 2017இல் ‘தசாவதார்’ என்ற தொகுப்பையும் வெளியிட்டபோது இத்தகைய முயற்சி விந்தையாகத் தோன்றாத சூழல் உருவாகியிருந்தது. சிங்கப்பூர் இசை ஆய்வாளர் யூஜின் டைரியநாதன், வேத மெட்டலுக்கும் அந்நாட்டுத் தென்னிந்தியச் சமூகத்தின் அடையாளத்துக்கும் உள்ள உறவை 2009இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் விரிவாக ஆராய்ந்தார்.

அந்த அடையாளத்தில் தமிழின் இடம் எது என்பது தமிழ் வாசகருக்கு எழக்கூடிய நியாயமான கேள்வி. ருத்ராவின் பாடல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் சமஸ்கிருதத்திலும் அமைந்தவை. ‘ஆர்யன்’ என்ற தலைப்புச் சொல்லும் திராவிட இயக்கம் வேரூன்றிய மண்ணில் சிங்கப்பூரில் ஒலித்தது போல் ஒலிக்காது. இத்தனைக்கும் டெத் மெட்டலுக்கு வேண்டிய பாடுபொருள் தமிழில் குறைவாக இல்லை. காரைக்கால் அம்மையார் பேய்கள் திரியும் திருவாலங்காட்டுச் சுடுகாட்டில் இறைவனின் ஆடலைக் கண்டு பாடினார். சயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியில் போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு பேய்கள் கூழ் சமைப்பதை நகையும் அருவருப்பும் கலந்து விரித்தார். குருதியும் பக்தியும் பிரியாத அந்த மரபை உறுமும் குரலில் முழுத் தொகுப்பாகப் பாடும் தமிழ்க் குழு ஒன்று வந்தால், ருத்ராவின் முதல் தொகுப்பை அதன் முன்னோடியாகக் கொள்ளத் தடையேதும் இல்லை.