இதய நோய் எந்த வயதில் தொடங்குகிறது?



மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில், நாற்பது வயதைத் தாண்டியதுமே மாரடைப்பு வந்த குடும்பத் தலைவர்களின் மனுக்களும் இருக்கின்றன. "பீடி கூடக் குடிக்கமாட்டாரே, இவருக்கு ஏன்?" என்று வீட்டார் கேட்கிறார்கள். விடையில் ஒரு பங்கு, அவர் பிறப்பதற்கு முன்பே இருந்திருக்கலாம்.

மைசூர் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளின் எடையை அந்நாளிலேயே எழுதி வைத்திருந்தார்கள். 1934 முதல் 1954 வரை அங்கே பிறந்த 517 பேரைப் பிற்காலத்தில் மருத்துவர்கள் பரிசோதித்தனர். 1996இல் முடிவு வெளியானது. பிறக்கும்போது 3.1 கிலோவுக்கு மேல் இருந்தவர்களில் நூற்றுக்கு 3 பேருக்கு இதய நோய், 2.5 கிலோவோ அதற்குக் குறைவோ இருந்தவர்களில் 11 பேருக்கு. தாயும் கர்ப்பத்தில் 45 கிலோவுக்குக் குறைவாக இருந்திருந்தால், 20 பேருக்கு.

காரணம் இதுதான்: வயிற்றிலுள்ள சிசுவுக்கு ஊட்டம் போதாதபோது, உடல் முதலில் மூளையைக் காப்பாற்றுகிறது. சிறுநீரகம், கணையம், இரத்தக் குழாய்களின் வளர்ச்சி குறைகிறது. அதுவே பின்னாளில் இரத்த அழுத்தமாகவும் சர்க்கரையாகவும் வெளிப்படுகிறது. பிறந்த பிறகு அரைவயிறு, அடிக்கடி நோய், வீட்டுக்குள் புகை ஆகியவை சேர்ந்தால் சுமை கூடுகிறது.

இது தலைவிதி அல்ல. நம் கையில் உள்ளவை பல.

வீட்டில் எல்லோரும் சாப்பிட்டபின் மிச்சத்தைக் கர்ப்பிணி சாப்பிடும் வழக்கம் வியாசர்பாடியில் இன்னும் இருக்கிறது. அவருக்கு முதலில் பரிமாறுங்கள். உடல்நிலை இடம் தராவிட்டால் நோன்பைப் பிற்படுத்த மார்க்கமே சலுகை தந்திருக்கிறது. கர்ப்பம் தெரிந்ததும் 12 வாரத்திற்குள் மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதியுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்கும் அந்தப் பதிவு வேண்டும்.

ஃபஜ்ருக்குப் பின் மக்தப், அங்கிருந்து நேரே பள்ளி. நடுவில் டீயும் பொறையும்தான் பல பிள்ளைகளின் காலை உணவு. மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்புவரை காலை உணவு தருகிறார்கள். கூச்சப்படாமல் சாப்பிடச் சொல்லி அனுப்புங்கள். வீட்டுக்குள் யாரும் புகைக்க வேண்டாம்.

எடை குறைவாகப் பிறந்தவர்கள் முப்பது வயதிலிருந்தே ஆண்டுக்கொரு முறை பிரஷரும் சுகரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறுவை சிகிச்சைக்கு உதவுவதை நாம் நிறுத்தப்போவதில்லை. ஆனால் இன்று ஒரு தாயின் தட்டில் வைக்கும் முட்டை, நாற்பது ஆண்டு கழித்து ஒரு மனு வராமல் தடுக்கலாம், இன்ஷா அல்லாஹ்.