ஃபேனை மாற்றலாம், காசு யார் போடுவது?

சித்திரை வெயிலில் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ தைக்கும் ஹாலை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசையாகத் தையல் மெஷின், தலைக்கு மேல் 100 சீலிங் ஃபேன், ஒவ்வொன்றும் 75 வாட். 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேனாக மாற்றினால் கரண்ட் மிச்சம். இது நமக்கும் தெரியும், ஓனருக்கும் தெரியும். அப்புறம் ஏன் மாற்றவில்லை?

கணக்குப் போடுவோம். ஃபேனுக்கு 45 வாட் மிச்சம். தினம் 10 மணி நேரம், வருஷம் 300 நாள் ஓடினால் மொத்தம் 13,500 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 1,08,000 ரூபாய். ஃபேன் விலை 2,800 என்றால் முதலீடு 2,80,000. மூன்று வருஷத்துக்குள் போட்ட காசு திரும்பிவிடும். ஆனால் கையில் இருக்கும் பணத்தை ஓனர் தோல் வாங்கப் போடுவாரா, ஃபேன் வாங்கவா? வாடகைக் கட்டடம் என்றால் இன்னும் சிக்கல். ஃபேனுக்குச் செலவு கட்டடக்காரருக்கு, பில்லில் மிச்சம் வாடகைக்கு இருப்பவருக்கு.

இங்கேதான் எஸ்கோ, அதாவது எனர்ஜி சர்வீஸ் கம்பெனி வருகிறது. இதில் இரண்டு மாடல் முக்கியம்.

மிச்சத்தில் பங்கு: முதலீடு முழுக்க எஸ்கோவுடையது. மிச்சத்தில் 80 சதவீதம், வருஷத்துக்கு 86,400 ரூபாய் எஸ்கோவுக்கு. வட்டியெல்லாம் சேர்த்து நாலு வருஷ ஒப்பந்தம் என்று வைப்போம். அதற்குப் பிறகு மிச்சம் முழுக்க ஓனருக்கு.

மிச்சத்துக்கு உத்தரவாதம்: கடன் வாங்குவது ஓனர். சொன்ன அளவு மிச்சமாகாவிட்டால் குறையும் தொகையை எஸ்கோ கொடுக்கும்.

இது புது ஐடியா இல்லை. 18-ஆம் நூற்றாண்டிலேயே ஜேம்ஸ் வாட்டும் போல்டனும் இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கங்களில் இதைச் செய்தார்கள். பழைய நியூகாமன் இன்ஜினைவிட மிச்சமாகும் நிலக்கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு அவர்களுக்கு. இன்ஜின் எத்தனை முறை அடித்தது என்று எண்ண, பூட்டிய பெட்டிக்குள் ஒரு கவுண்டரும் வைத்தார்கள். அப்படியும் பணம் தர மறுத்துச் சண்டை, கோர்ட் கேஸ் என்று போனது.

இன்றைக்கும் சண்டை அங்கேதான் வரும். ஆர்டர் குறைந்து ஹால் 6 மணி நேரம்தான் ஓடுகிறது என்றால் பில் தானாகவே இறங்கும். அது ஃபேனால் வந்த மிச்சம் இல்லை. அதனால் பழைய பில்லையும் புது பில்லையும் அப்படியே கழித்தால் தப்பு. ஓடிய நேரத்துக்கு ஏற்பத் திருத்த வேண்டும். ஃபேன் ஓடும் ஒவ்வொரு மணிக்கும் 4.5 யூனிட் மிச்சம். அதுதான் எஸ்கோவின் பொறுப்பு. எத்தனை மணி நேரம் ஓடும் என்பது ஓனர் கையில். இந்த இரண்டையும் ஒப்பந்தத்தில் பிரித்து எழுதாவிட்டால் ஆர்டர் இல்லாத மாசத்தில் சிக்கிக்கொள்வது சின்ன யூனிட்தான்.

இன்னொரு தடை: ஒரே ஒரு ஹாலுக்காக எந்த எஸ்கோவும் ஆம்பூர் வரை வராது. ஆடிட்டுக்கும் ஒப்பந்தத்துக்கும் ஆகும் செலவே லாபத்தைத் தின்றுவிடும். மொத்தமாகச் சேர்ந்தால் கதை வேறு. 2009-ல் தொடங்கிய மத்திய அரசின் ஈ.ஈ.எஸ்.எல். நிறுவனம், 2015-ல் வந்த உஜாலா திட்டத்தில் எல்.இ.டி. பல்பை மொத்தமாகக் கொள்முதல் செய்துதான் விலையை இறக்கியது.

சேர்ந்து செய்வது நம்ம ஊருக்குப் புதுசா என்ன? பாலாற்று மாசு வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன காலகட்டத்தில், தனியாக நிலையம் கட்ட முடியாத சிறு தோல் ஆலைகள் பங்கு போட்டு, அரசு மானியமும் சேர்ந்து, வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. அதே மாதிரி இருபது யூனிட் சேர்ந்து ஒரே எஸ்கோவை அழைக்கலாம்.

நமக்கும் இதில் வேலை இருக்கிறது. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தேடுபவர்கள் ஏதாவது ஒரு ஹாலில் அனுமதி வாங்கி, எனர்ஜி மீட்டர் மாட்டி, ஃபேன் ஓடும் நேரத்தையும் யூனிட்டையும் மூன்று மாசம் குறித்து வையுங்கள். நாளைக்கு எஸ்கோ வந்தால் முதலில் கேட்கப்போவது அந்த நோட்டைத்தான்.