பேரூரும் பெருந்துறையும்

கோவைக்கு மேற்கே நொய்யல் கரையில் பேரூர். வடக்கே மேட்டுப்பாளையம் சாலையில் பெரியநாயக்கன்பாளையம். கிழக்கே சேலம் போகும் வழியில் பெருந்துறை. மூன்று ஊர்ப் பெயருக்கும் தலையில் நிற்பது ஒரே பண்புச்சொல்: பெருமை. தற்பெருமையல்ல, பெரிதாக இருக்கும் தன்மை.

ஒரு சொல் ஏன் மூன்று உருவம் எடுக்கிறது? விடை பவணந்தி முனிவரின் நன்னூலில், பதவியலில் இருக்கிறது. மூன்றாம் குலோத்துங்கன் காலத்துச் சிற்றரசன் சீயகங்கன் கேட்டுக்கொள்ள, 13ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இந்தச் சமண முனிவர் எழுதிய நூல் அது. அவர் பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று கொங்குநாட்டில் சொல்வார்கள். வேறு ஊர் சொல்வோரும் உண்டு.

பண்புச்சொல் உருமாறும் வழிகளை அவர் ஏழாகப் பிரிக்கிறார். லேத்தில் ஏறிய இரும்புபோல, முதலில் வால் கழிகிறது: ‘மை’ போய் ‘பெரு’ மிஞ்சுகிறது. இது ஈறுபோதல். அடுத்த வேலையைப் பின்னால் வரும் எழுத்து தீர்மானிக்கிறது. ‘ஊர்’ உயிரெழுத்தில் தொடங்குவதால் ‘பெ’ நீண்டு ‘பே’ ஆகிறது, ஆதிநீடல். ‘துறை’ வந்தால் தகரத்துக்கு இனமான ‘ந்’ நடுவில் புகுகிறது, இனமிகல். மூன்றாவது உருவமான பெரியநாயக்கன்பாளையத்தில் ‘ரு’ என்பது ‘ரி’ ஆகி, ‘பெரிய’ பிறக்கிறது.

இன்றைய பேச்சில் வென்றது இந்த மூன்றாவதுதான். எந்தப் பெயருக்கு முன்னாலும் அப்படியே நிற்கும்: பெரிய பையன், பெரிய பொண்ணு, பெரிய மாடுங்க. இந்தியில் இதற்கே படா, படீ, படே என்று பால் பார்த்து மாற்ற வேண்டும். ஆங்கிலத்து ‘பிக்’ அந்த வகையில் நம் பக்கம். ஆனால் ஒப்பிடும்போது ‘பிக்கர்’, ‘பிக்கஸ்ட்’ என்று அதன் வால் நீளும். தமிழில் அந்தச் சுமை பக்கத்துப் பெயரின் மேல் விழுகிறது: கோவையைவிடச் சென்னை பெரியது. ‘பெரிய’ வாக்கியத்தை முடிக்காது என்பதையும் கவனியுங்கள். முடிக்கும் இடத்தில் பெரியது, பெரியவர் என்று பால் காட்டியே தீரவேண்டும்.

அதற்காகப் பழைய வழிகள் துருப்பிடித்துவிட்டன என்று நினைக்க வேண்டாம். பஸ்ஸுக்குத் தமிழில் பெயர் தேடியவர்கள் ‘பெரிய உந்து’ என்று வைக்கவில்லை, நல்லவேளை. மையைக் கழித்து, முதலெழுத்தை நீட்டி, ‘பேருந்து’ என்றார்கள். பேரூர் ஆன அதே முறை. மினிபஸ்ஸுக்குச் ‘சிற்றுந்து’ என்று வந்தபோது பவணந்தியின் இன்னொரு விதி வேலை செய்தது: தன்னொற்றிரட்டல். ‘சிறு’வின் றகரம் இரட்டித்தது.