பத்து நிமிட வேலைக்கு எந்த மயக்கம்?

சிலமலைப் பக்கம் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி, ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகும் பெண்களுக்கு உடம்பு சரியில்லை என்று உட்கார நேரமில்லை. மாதவிலக்கு பதினைந்து நாள் நிற்காமல் போனாலும் துணியை மாற்றிக்கொண்டு மலை ஏறுகிறார்கள். ஒருவழியாக ஆஸ்பத்திரிக்குப் போனால், ஸ்கேனில் கர்ப்பப்பைக்குள் சின்னதாக ஒரு சதை. “கேமரா விட்டுப் பார்த்து எடுத்துரலாம்மா, பத்து நிமிஷ வேலை” என்கிறார் டாக்டர். மயக்கத்தைப் பற்றிக் கேட்டால், “ஊசி போடுவாங்க, ஒண்ணும் தெரியாது” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

அது போதாது. இந்த வேலைக்கு மூன்று வகை மயக்கம் உண்டு. மூன்றும் உடம்பின் மூன்று வேறு இடங்களில் வேலை செய்கின்றன. எனக்கு எது, ஏன் என்று கேட்க அந்தப் பெண்ணுக்கு முழு உரிமை இருக்கிறது.

முதலாவது, கர்ப்பப்பை வாயைச் சுற்றிப் போடும் மரத்துப்போகும் ஊசி. நினைவு தப்பாது, சீக்கிரம் எழுந்து நடக்கலாம். ஆனால் கர்ப்பப்பையின் வலி ஒரே பாதையில் போவதில்லை. வாய்ப்பகுதியின் வலி இடுப்புக்குக் கீழே உள்ள நரம்புகள் வழியாகவும், மேல்பகுதியின் வலி அதற்கு வெகு மேலே தண்டுவடத்தில் சேரும் நரம்புகள் வழியாகவும் ஏறுகிறது. அதனால் வாய் மரத்துப்போன பிறகும் அடிவயிறு இழுத்துப் பிடிக்கலாம். மெல்லிய கேமராவுக்கும் சதைத் துணுக்கு எடுக்கும் சோதனைக்கும் பலருக்கு இதுவே போதும். தாங்க முடியவில்லை என்றால் அந்த நொடியே சொல்ல வேண்டும். சொன்னதும் நிறுத்த வேண்டும். “பொறுத்துக்கம்மா” என்பது வைத்தியம் ஆகாது.

இரண்டாவது, முதுகில் போடும் ஊசி. நம் ஊர்களில் இதற்குத்தான் பயம் அதிகம். தண்டுவடம் முதுகெலும்பின் அடிவரை வருவதில்லை. இடுப்பின் முதல், இரண்டாம் எலும்புகளுக்கு அருகிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நீரில் மிதக்கும் நரம்பு இழைகள் மட்டுமே. ஊசி இறங்குவது அங்கேதான். புபிவகெய்ன் மருந்தோடு குளுக்கோஸைச் சேர்த்து, அந்த நீரைவிடக் கனமாக்கி வைத்திருப்பார்கள். கனமான மருந்து தாழ்வான பக்கம் இறங்கும் என்பதால், மேசையைச் சாய்த்தே அது எதுவரை பரவ வேண்டும் என்று மயக்க டாக்டர் தீர்மானிக்க முடிகிறது. கர்ப்பப்பை வேலைக்குத் தொப்புள் மட்டம்வரை மரத்துப்போக வேண்டும். ஸ்பிரிட் நனைத்த பஞ்சைத் தொடையில் வைத்து “ஜில்லுனு இருக்கா?” என்று கேட்பது இதற்காகத்தான், முதலில் மறைவது சூடு, குளிர் உணர்வே.

1898இல் ஜெர்மனியில் இந்த முதுகு ஊசியைத் தொடங்கிய டாக்டர் ஆகஸ்ட் பியர், தன் உடம்பிலேயே சோதித்துத் தலைவலியால் படுத்துவிட்டார். ஊசி போட்ட ஓட்டை வழியே நீர் கசிந்ததன் விளைவு அது. இன்றைய ஊசிகள் மிக மெல்லியவை. அந்தத் தலைவலி வெகுவாகக் குறைந்துவிட்டது. ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கலாம். ஆயுளுக்கும் முதுகுவலி வரும் என்பது உண்மையில்லை. கால்கள் சில மணி நேரம் அசையாது என்பதால், பத்து நிமிட வேலைக்கு இது சில சமயம் தேவைக்கு அதிகம் என்றே நினைக்கிறேன்.

மூன்றாவது, ரத்தக் குழாயில் ஏற்றும் புரோப்போஃபால். தண்ணீரில் கரையாத மருந்து என்பதால் சோயா எண்ணெயிலும் முட்டைக் கருவின் லெசித்தினிலும் கலக்கிப் பால்போல வெள்ளையாக இருக்கும். கையில் ஏறும்போது சுரீரென்று எரியும். ஒரு நிமிடத்துக்குள் நினைவு போய்விடும். சில நிமிடங்களில் திரும்பவும் விழிப்பு. மருந்து தீர்ந்துவிட்டதால் அல்ல, மூளையிலிருந்து தசைக்கும் கொழுப்புக்கும் இடம் மாறிவிட்டதால்! உடம்பைவிட்டு அது இன்னும் போகவில்லை. அதனால்தான் 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது, மறுநாள் காலை ஜீப்பில் மலை ஏறக் கூடாது என்கிறார்கள். துணைக்கு ஒருவர் கூட இருக்க வேண்டும்.

தூங்கும்போது தொண்டையின் காவலும் தூங்கிவிடும். வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் இறங்கலாம். 1946இல் டாக்டர் கர்ட்டிஸ் மெண்டெல்சன் நியூயார்க்கில் 44,016 பிரசவப் பதிவுகளைப் பார்த்து, மயக்கத்தில் இப்படி நேர்ந்த 66 பேரைக் கணக்கெடுத்தார். அதன்பின் வலுப்பெற்றதுதான் வெறும் வயிறு என்ற விதி. பால் வயிற்றில் திரிந்து கட்டியாகிவிடும் என்பதால் பால் காபி சாப்பாட்டுக்குச் சமம். இரண்டுக்கும் 6 மணி நேர இடைவெளி வேண்டும். தண்ணீரும் கடுங்காப்பியும் பொதுவாக 2 மணி நேரம் முன்புவரை ஆகும். எனவே “ராத்திரியிலிருந்து எதுவும் கூடாது” என்றால், எத்தனை மணிவரை தண்ணீர் குடிக்கலாம் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மயக்கத்தில் இருப்பவரைக் கண்காணிப்பதும் முக்கியம். 1880களின் இறுதியில் ஹைதராபாத்தில் நிஜாம் பணத்தில் குளோரோஃபார்ம் என்ற மயக்க மருந்து பற்றிய ஆய்வுகள் நடந்தபோது, மூச்சைக் கவனிப்பதா நாடியைக் கவனிப்பதா என்பதே பெரும் வாதம். உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர் எனப்படும் ரூபாபாய் ஃபர்தூன்ஜி அந்த ஆய்வுகளில் பங்கேற்றவர். இன்று விரலில் மாட்டும் கிளிப், நாடியையும் ரத்தத்தின் ஆக்சிஜனையும் சேர்த்தே காட்டுகிறது. விரலுக்குள் ஒளி பாய்ச்சி அளப்பதால் நகப்பூச்சும் கரிய மருதாணியும் தடையாகலாம். நகப்பூச்சை முன்பே எடுத்துவிடுவதும் மருதாணியைத் தவிர்ப்பதும் நல்லது.

ஆடும் பல், மூச்சிரைப்பு, சர்க்கரை, பிரஷர் மாத்திரை, நாட்டு மருந்து, புகையிலைப் பழக்கம், நாள் தள்ளிப்போன சந்தேகம் எதையும் மயக்க டாக்டரிடம் மறைக்கக் கூடாது. கூட வந்த மாமியார் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால், அவரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லும்படி கேட்கலாம். வீடு திரும்பியபின் காய்ச்சல் வந்தாலோ, வயிற்றுவலி கூடிக்கொண்டே போனாலோ, மணிக்கு ஒரு பேடுக்கு மேல் நனைந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.