பொட்டு வைத்தோம், முள்ளைப் பார்க்கவில்லை



போன பங்குனியில் எங்கள் குழுவின் செக்குக் கொட்டகையில் நடந்ததைச் சொல்கிறேன். தப்பு முழுக்க எங்கள் மேல்தான். அதனால் ஒளிக்காமல் எழுதலாம்.

எங்கள் கொட்டகையில் ஒரு மரச்செக்கு, ஒரு மாவு மில், சிறுதானியம் உமி நீக்கும் மெஷின் ஒன்று. ஓரமாக எள்ளு, கடலை மூட்டைகள். பின்சுவரோரம் விதைநெல். மத்தியானம் இரண்டு மணி இருக்கும். செக்கு மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியில் ‘பட்’டென்று ஒரு சத்தம். பறந்த பொறி கீழே கிடந்த காலிச் சாக்கில் விழுந்து பிடித்துக்கொண்டது. அப்போது தீ ஒரு முறம் அகலம்தான்.

செக்கு ஓட்டும் தம்பி, சுவரில் மாட்டியிருந்த சிவப்பு சிலிண்டரை எடுத்துக்கொண்டு ஓடினார். ஊசியை இழுத்தால் வரவில்லை, துருப்பிடித்திருந்தது. கொறடால் பிடுங்கினார். கைப்பிடியை அழுத்தினால் ‘புஸ்’ஸென்று ஒரு மூச்சு, ஒரு கைப்பிடிப் பொடி. அவ்வளவுதான்.

“அண்ணே, ஒண்ணும் வரலண்ணே!”

அதற்குள் தீ மூட்டைக்குத் தாவிவிட்டது. எண்ணெய் வாங்க வந்திருந்த அக்கா ஒருத்தர்தான் ஓடிப்போய் மெயினை அணைத்தார். அதன் பிறகுதான் தொட்டித் தண்ணீரை மொண்டு ஊற்ற முடிந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. போனது ஆறு மூட்டை எள்ளும் நாலு மூட்டை காட்டுயானம் விதைநெல்லும். எள்ளைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். ஒரு படியில் ஆரம்பித்து வருஷக்கணக்காகப் பெருக்கிய விதையை எந்தக் கடையில் வாங்குவது?

சாம்பலை அள்ளிய பிறகு சிலிண்டரை எடுத்துப் பார்த்தோம். குழாய் முனையில் குளவி மண்கூடு கட்டி முக்கால்வாசி அடைத்திருந்தது. அழுத்தம் காட்டும் வட்டக் கண்ணாடி மேல் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து மூடியிருந்தது. சுரண்டிப் பார்த்தால், உள்ளே முள் சிவப்பில் கிடக்கிறது.

“வருஷா வருஷம் பொட்டு வெச்சோம். ஒரு நாளாவது முள்ளப் பார்த்தோமா?” என்றார் குழுவில் மூத்தவர். யாரும் பதில் பேசவில்லை.

எந்தத் தீக்கு எது?

எங்களிடம் இருந்தது ‘ஏபிசி’ பொடி வகை. கடைக்காரர் எல்லாத் தீக்கும் ஆகும் என்று கொடுத்தது. சாக்கு, டீசல், கேஸ், மின்பெட்டி என்று பலவற்றுக்கும் ஆகும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பொடியில் முக்கியமான சரக்கு என்ன தெரியுமா? மோனோ அம்மோனியம் பாஸ்பேட். சொட்டுநீர் வைத்திருப்பவர்கள் 12:61:0 என்று வாங்கிக் கரைப்பார்களே, அதே உப்பு! உரமே வேண்டாம் என்கிற நம்ம கொட்டகையில் அது சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. தீயை அணைக்க அது நல்ல சரக்கு, குறை சொல்லவில்லை. ஆனால் அது பட்ட தானியத்தை உணவாக விற்கக் கூடாது. இன்னொன்று, பொடி தீயை அமுக்குமே தவிர, குளிர வைக்காது. சாக்கு, வைக்கோல், உமி உள்ளுக்குள் கனிந்துகொண்டே இருந்து மறுபடி எரியும்.

ஆகவே இப்போது இப்படிப் பிரித்து வைத்திருக்கிறோம். மூட்டை, விதை இருக்கும் பக்கம் நீர் வகை, 9 லிட்டர். மோட்டார், மின்பெட்டி பக்கம் கரியமில வாயு வகை. டீசல் இஞ்சின் இருக்கும் சாய்ப்பில் மட்டும் பொடி. மின்சாரம் ஓடும்போது நீர் வகையைத் தொடவே கூடாது, முதலில் மெயின். மாவு மில் பக்கம் எதையும் வேகமாகப் பீய்ச்சி மாவுத்தூசியைக் கிளப்பக் கூடாது. காற்றில் கலந்த மாவு வெடிக்கும். முறுக்கு, அதிரசம் சுடும் குழுக்கள் கவனிக்கவும்: எண்ணெய்ச் சட்டி பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்து, தட்டால் மூடுங்கள்.

அமாவாசைக்கு ஐந்து நிமிஷம்

மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று சொன்னால் மறந்துபோகும். அமாவாசை மறக்காது. அன்று எப்படியும் செக்குக்கு ஓய்வு, கழுவித் துடைக்கிறோம். அதோடு சேர்த்து இதையும் வைத்துக்கொண்டோம். (சூடம் மட்டும் இப்போது வாசலுக்கு வெளியே!)

1. சிலிண்டர் அதன் இடத்தில் இருக்கிறதா? முன்னால் மூட்டை அடுக்கி மறைத்திருக்கிறதா?
2. முள் பச்சையில் நிற்கிறதா? சிவப்புக்குப் போயிருந்தால் அன்றைக்கே நிரப்பக் கொடுக்க வேண்டும்.
3. ஊசியும் அதன் முத்திரைக் கட்டும் இருக்கிறதா? துரு இருக்கிறதா?
4. குழாயில் வெடிப்பு உண்டா? முனையில் குளவி, சிலந்தி அடைத்திருக்கிறதா?
5. பொடி வகை என்றால் தலைகீழாகக் கவிழ்த்து நாலு குலுக்கு. பொடி கெட்டியாகி அடியில் தங்கக் கூடாது.
6. கரியமில வாயு வகைக்கு முள் கிடையாது, எடைதான் கணக்கு. நம்மகிட்டதான் தராசு இருக்கே! வாயுவின் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால் நிரப்ப வேண்டும். காலி எடை சிலிண்டரிலேயே பொறித்திருக்கும்.

பார்த்தவர் அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். எங்கள் குழுவில் முறை வைத்திருக்கிறோம். போன மாதம் பார்த்தவர் இந்த மாதம் பார்ப்பதில்லை.

நிரப்ப வருபவரிடம் கேளுங்கள்

எங்கள் சிலிண்டரில் புது ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. உள்ளே எதுவும் மாறவில்லை. துடைத்து, ஸ்டிக்கர் ஒட்டி, காசு வாங்கிப் போயிருக்கிறார் வந்தவர். நாங்களும் பக்கத்தில் நிற்கவில்லை. இப்போது நம் கண் முன்னால் திறக்கச் சொல்கிறோம். பழைய பொடி வெளியே வருகிறதா என்று பார்க்கிறோம். முன்னும் பின்னும் எடை போடுகிறோம்.

சிலிண்டர் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 15683 என்ற எண்ணும் பாருங்கள். பராமரிப்புக்கு ஐ.எஸ். 2190 என்று ஒரு விதிமுறை இருக்கிறது. அதன்படி பொடி, நீர் வகைகளை 3 வருஷத்துக்கு ஒருமுறையும், கரியமில வாயு வகையை 5 வருஷத்துக்கு ஒருமுறையும் நீரழுத்தச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். ஒரே ஒரு வினாடி அடித்துப் பார்த்திருந்தாலும் மறுபடி நிரப்பத்தான் வேண்டும். வால்வில் பொடி சிக்கிக்கொண்டு, அழுத்தம் மெல்லக் கசிந்துவிடும்.

கைக்கு வர வேண்டும்

சிலிண்டர் நன்றாக இருந்தும், பிடிக்கத் தெரியாவிட்டால் வீண். ஊசியை இழு, தீயின் அடியைக் குறி, கைப்பிடியை அழுத்து, இடமும் வலமும் வீசு. இவ்வளவுதான். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். வாசல் நம் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். சின்ன சிலிண்டர் பத்துப் பதினைந்து வினாடியில் தீர்ந்துவிடும். அதனால் இது முறம் அளவுத் தீக்குத்தான். நம் உயரத்துக்கு எழும்பிவிட்டால் மூட்டையாவது ஒன்றாவது, எல்லோரும் வெளியே வந்து 101 அல்லது 112க்குப் போன் போடுங்கள்.

நிரப்பக் கொடுக்கும் நாளில் பழைய பொடியை வீணாக்காமல், வெளியே ஒரு தகரத்தில் சாக்கைக் கொளுத்தி ஆளாளுக்கு அடித்துப் பழகினோம். முதலில் பயந்தவர் அந்த எண்ணெய் வாங்க வந்த அக்காதான். இப்போது குழுவில் சேர்ந்துவிட்டார். அவர்தான் முதல் ஆளாக அணைத்தார்.

ஏப்ரல் 14 முதல் 20 வரை நாடு முழுக்கத் தீயணைப்புப் பணி வாரம். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் துறைமுகத்தில் பஞ்சும் வெடிமருந்தும் ஏற்றி நின்ற கப்பல் தீப்பிடித்து வெடித்தது. தீயை அணைக்கப் போய் உயிர்விட்ட வீரர்களின் நினைவாக வந்த வாரம் இது. நமக்கும் அந்த நாள் சித்திரைப் பிறப்பை ஒட்டித்தான் வருகிறது. அந்த வாரம் உங்கள் ஊர் நிலையத்தில் கேட்டால் செய்து காட்டுவார்கள்.

ஆயுத பூஜைக்கு நாங்கள் இனியும் பொட்டு வைப்போம். கண்ணாடி மேல் இல்லை, சிலிண்டரின் வயிற்றில்.