ஓடி வந்தவனுக்கு ஓர் ஊர்

நெல்லைப் பக்கம் கிறிஸ்தவர்கள் வீட்டு வாசலில் வேத வசனம் எழுதி வைப்பது வழக்கம். அதில் 91-ஆம் சங்கீதத்துக்குத் தனி இடம் உண்டு. பயணம் புறப்படும்போதும், ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும் முன்பும், இரவு விளக்கை அணைக்கும் முன்பும் அதைத்தான் சொல்லி ஜெபிப்பார்கள். தாய்ப்பறவையின் சிறகுக்குள் குஞ்சு ஒண்டுவதுபோலக் கடவுளிடம் ஒண்டிக்கொள்வதைப் பாடும் சங்கீதம் அது. நானும் அதைச் சொல்லித்தான் வளர்ந்தேன். ஆனால் பாளையங்கோட்டை நீதிமன்றத்தில் கிரிமினல் வழக்குகள் நடத்திவருகிற எனக்கு, அடைக்கலம் என்றதும் கை தானாகப் புரட்டுவது வேறொரு பக்கத்தை. எண்ணாகமம் 35-ஆம் அதிகாரம். ஞாயிறு பிரசங்கத்தில் அதிகம் வராத, வேதாகமத்தை வரிசையாக வாசிக்கிறவர்கள்கூட வேகமாகக் கடந்துவிடுகிற அதிகாரம்.

அடைக்கலம் கொடுப்பது எப்படி என்பதற்கான சட்டமே அங்கே இருக்கிறது. கானான் நாட்டைப் பங்கிடும்போது லேவியர்களுக்குத் தனி நிலம் கிடையாது. மற்ற கோத்திரங்கள் 48 பட்டணங்களை அவர்களுக்குக் கொடுக்க வேண்டும். அதில் 6 பட்டணங்கள் அடைக்கலப் பட்டணங்கள். யோர்தான் ஆற்றுக்கு மேற்கே மூன்று, கிழக்கே மூன்று. யோசுவா 20-ஆம் அதிகாரம் பெயர்களைச் சொல்கிறது. மேற்கே, வடக்கில் கலிலேயாவின் கேதேஸ், நடுவில் எப்பிராயீம் மலைநாட்டுச் சீகேம், தெற்கில் யூதாவின் எப்ரோன். கிழக்கே பேசேர், ராமோத், கோலான். எந்த மூலையிலிருந்து ஓடினாலும் எட்டிவிடுகிற மாதிரிப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள்.

யார் ஓடி வருவது? தெரியாமல் ஒரு உயிரைப் போக்கிவிட்டவன். உபாகமம் 19-ஆம் அதிகாரம் உதாரணமே கொடுக்கிறது. இரண்டு பேர் காட்டுக்கு மரம் வெட்டப் போகிறார்கள். ஒருவன் ஓங்கும்போது கோடரி காம்பிலிருந்து கழன்று பறந்துபோய் மற்றவன்மேல் விழுகிறது. அவன் செத்துவிடுகிறான். போலீஸ் ஸ்டேஷன், அரசு வழக்கறிஞர் எதுவும் இல்லாத காலம். செத்தவனுடைய மிக நெருங்கிய சொந்தக்காரன்தான் பழிவாங்க வேண்டியவன். அது அவன் குடும்பக் கடமை. வயிறு எரிந்துகொண்டிருக்கிற அவனிடம் கோடரி கழன்ற கதையைச் சொன்னால் எடுபடுமா?

எந்தக் கேள்விகளை வைத்து இந்தச் சட்டம் கொலையையும் விபத்தையும் பிரிக்கிறது என்று பாருங்கள். கையில் இருந்தது இரும்பா, கல்லா, மரமா? அடித்தால் உயிர் போகும் என்கிற அளவுக்கு இருந்ததா? முன்பகை உண்டா? பதுங்கியிருந்து தாக்கினானா? ஆளைப் பார்க்காமலே கல் விழுந்துவிட்டதா? இன்று நான் குறுக்கு விசாரணையில் கேட்பதும் இவைதான்: ஆயுதம், நோக்கம், முன்விரோதம். பாரதிய நியாய சன்ஹிதாவில் கொலைக்கு 103-ஆவது பிரிவு, அஜாக்கிரதையால் நேர்ந்த சாவுக்கு 106-ஆவது பிரிவு. அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற கோட்டை அந்தப் பழைய மேய்ச்சல் சமூகம் இவ்வளவு தெளிவாகப் போட்டு வைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது. கொலை என்று நிரூபிக்க ஒரே சாட்சி போதாது என்றும் எண்ணாகமம் 35 சொல்கிறது. வெளிநாட்டவனுக்கும் அங்கே வந்து குடியிருப்பவனுக்கும் இதே உரிமை உண்டு என்கிறது.

ஓடி வந்தவன் நேராக உள்ளே போய்விட முடியாது. பட்டண வாசலில் நின்று தன் வழக்கை மூப்பர்களிடம் சொல்ல வேண்டும். அவர்கள் உள்ளே சேர்த்து, இருக்க இடம் கொடுக்க வேண்டும். துரத்தி வந்தவன் கேட்டாலும் ஒப்படைக்கக் கூடாது. அப்புறம் சபைக்கு முன்னால் விசாரணை. வேண்டுமென்றே கொன்றவன் என்று தெரிந்தால் அடைக்கலம் ரத்து. கைப்பிசகு என்று தெரிந்தால் பட்டணத்துக்குள்ளேயே இருக்க வேண்டும், அந்தக் காலத்துப் பிரதான ஆசாரியர் சாகும் வரை. பணம் கட்டிச் சீக்கிரம் ஊருக்குத் திரும்பவும் வழியில்லை. எல்லையைத் தாண்டி வெளியே வந்து மாட்டிக்கொண்டால் அவனைக் கொன்றவன்மேல் குற்றமில்லை.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்குவது எனக்குச் சிரமமே இல்லை. கண்டிஷன் பெயில் என்றால் போதும். பழிக்குப் பழி நடக்கக்கூடிய வழக்குகளில், ஜாமீனில் வருகிறவன் சொந்த ஊரில் இருந்தால் உயிருக்கு ஆபத்து என்று நீதிமன்றம் நினைத்தால், வேறொரு ஊரில் தங்கி அங்கே தினமும் காலை 10.30 மணிக்குக் கையெழுத்துப் போடச் சொல்லும். போன வருஷம் ஒரு பையனுக்காக மனு போட்டபோது அவன் அம்மா என் ஆபீஸ் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே இல்லை.

“மேடம், ஊருக்குள்ள மட்டும் விட்ராதிய. தூரமா எங்கயாச்சும் கையெழுத்துப் போடச் சொல்லுங்க. உசுரோட இருந்தாப் போதும்.”

“சரிம்மா, கேட்டுப் பார்க்கேன். அங்க தங்குறதுக்கு யாரும் இருக்காவளா?”

“யாரு இருக்கா? கேஸு இருக்குன்னு தெரிஞ்சா எவன் வீடு குடுப்பான்? பஸ் ஸ்டாண்டுல கெடக்கட்டும்.”

தாவீது ராஜாவிடம் வந்த தெக்கோவா ஊர்ப் பெண் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தாள். இரண்டு மகன்கள் வயலில் சண்டை போட்டு ஒருவன் செத்துவிட்டான், மிச்சமிருக்கிறவனையும் சொந்தபந்தம் கொல்லக் கேட்கிறது, பழிவாங்குகிறவனைத் தடுத்து நிறுத்துங்கள் என்று அவள் மன்றாடுவாள். அது ஜோடித்த கதை என்று பிற்பாடு தெரியவரும். ஆனால் ராஜா நம்பினான். அந்த மாதிரித் தாய்மார்கள் அவன் நாட்டில் இருந்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

அந்த அம்மா சொன்ன ‘எவன் வீடு குடுப்பான்’ என்பதுதான் நான் பேச வந்த விஷயம். நீதிமன்றம் ஊரைக் காட்டும். அந்த ஊர் அவனை என்ன செய்யும்? உபாகமம் இந்தக் கேள்வியை விடவில்லை. பட்டணத்தைப் பிரித்து வைத்தால் மட்டும் போதாது, போகிற வழியையும் உண்டாக்கு என்கிறது. வழி தூரமாக இருந்து, துரத்துகிறவன் பிடித்துக் கொன்றுவிட்டால், அந்தக் குற்றமில்லாத இரத்தம் தேசத்தின்மேல் வரும் என்று எச்சரிக்கிறது. அதாவது பாதை போடாத ஊரும் அந்தச் சாவுக்குப் பொறுப்பு.

பின்னாளில் யூத ஆசிரியர்கள் இந்த வரிகளை எடுத்து வைத்துக்கொண்டு நுணுக்கமாக யோசித்திருக்கிறார்கள். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னாவில் மக்கோத் என்ற பகுதி இதைப் பேசுகிறது. ஏணியிலிருந்து இறங்கும்போது ஒருவன்மேல் விழுந்து கொன்றால் அடைக்கலப் பட்டணத்துக்குப் போக வேண்டும். ஏறும்போது விழுந்தால் போக வேண்டியதில்லை. இறங்குகிறவனுக்குக் கீழே யார் நிற்கிறார்கள் என்று பார்க்கும் கடமை கூடுதல் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். ஓடுகிறவனோடு இரண்டு அறிஞர்கள் கூடவே போக வேண்டும், வழியில் பழிவாங்குகிறவன் வந்தால் அவனிடம் பேசித் தணிப்பதற்கு. முச்சந்திகளில் அடைக்கலப் பட்டணத்துக்கு வழி காட்டும் பலகை வைத்திருந்தார்கள் என்கிறது மிஷ்னாவை விரித்துப் பேசும் தால்மூத். மாணவன் ஒருவன் அங்கே போக நேர்ந்தால் அவன் ஆசிரியரும் கூடப் போக வேண்டும் என்றும் சொல்கிறது. உயிர் பிழைப்பது என்றால் மூச்சு விடுவது மட்டும் இல்லை, படிப்பும் தொடர வேண்டும் என்று கருதியிருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது பிரதான ஆசாரியரின் தாயைப் பற்றியது. ஆசாரியர் செத்தால்தான் அடைக்கலம் புகுந்தவர்கள் ஊருக்குப் போகலாம். அப்படியென்றால் அவர்கள் என்ன ஜெபம் பண்ணுவார்கள்? அதனால் ஆசாரியர்களின் தாய்மார்கள் அவர்களுக்குச் சாப்பாடும் துணியும் கொடுத்து வந்தார்களாம், என் மகன் சாகவேண்டும் என்று ஜெபிக்காதீர்கள் என்பதற்காக. இரண்டு பக்கத்து மனிதரையும் தெரிந்த ஒருவர்தான் இப்படி ஒன்றை எழுதி வைத்திருக்க முடியும்.

இவ்வளவு சட்டம் இருந்தும், ஒரு அடைக்கலப் பட்டணத்துக்கு ஓடிவந்து பிழைத்த ஒருவனின் கதைகூட வேதாகமத்தில் இல்லை. இருப்பது நேர் எதிரான கதை.

சவுல் ராஜாவின் படைத்தலைவன் அப்னேர். கிபியோன் போரில் ஆசகேல் என்ற இளைஞன் அவனைத் துரத்திக்கொண்டே வருகிறான். விலகிப் போ என்று அப்னேர் இரண்டு முறை சொல்கிறான். கேட்கவில்லை. ஈட்டியின் பின்புறத்தால் குத்துகிறான், ஆசகேல் சாகிறான். ஆசகேலின் அண்ணன் யோவாப், தாவீதின் படைத்தலைவன். காலம் போகிறது. அப்னேர் எப்ரோனுக்கு வந்து தாவீதோடு சமாதானம் பேசி, விருந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறான். யோவாப் ஆளனுப்பி அவனைத் திரும்ப வரவழைக்கிறான். தனியாக ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று வாசலின் நடுவே ஒதுக்குப்புறமாக அழைத்துப் போய் வயிற்றில் குத்துகிறான். எந்த வாசல்? அடைக்கலப் பட்டணமான எப்ரோனின் வாசல். மூப்பர்கள் உட்கார்ந்து விசாரிக்க வேண்டிய இடத்திலேயே விசாரணையில்லாமல் தீர்ப்பு முடிந்துவிட்டது.

பல வருஷம் கழித்து அதே யோவாப் ஓடுகிறான். சாலொமோன் ராஜாவான பிறகு, உயிருக்குப் பயந்து கர்த்தருடைய கூடாரத்துக்குப் போய்ப் பலிபீடத்தின் கொம்புகளைப் பிடித்துக்கொள்கிறான். இங்கேயே சாவேன், வெளியே வரமாட்டேன் என்கிறான். சாலொமோன் அப்னேரின் இரத்தத்தை நினைவூட்டி அங்கேயே அவனை வெட்டச் சொல்கிறான். சதி செய்து கொன்றவனைப் பலிபீடத்திலிருந்தும் பிடித்துக்கொண்டு போகலாம் என்று யாத்திராகமம் ஏற்கெனவே சொல்லியிருந்தது. இதில் சாலொமோனின் அரசியல் கணக்கும் உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் அடுத்தவனுக்கு வாசலை மூடியவன் தனக்கு ஒரு வாசலைத் தேடி ஓடுகிற அந்தப் பகுதியை என்னால் சாதாரணமாக வாசிக்க முடிவதில்லை.

உபாகமம் 23-இல் இன்னொரு சட்டம் இருக்கிறது, இரண்டே வசனம். எஜமானிடமிருந்து தப்பி வந்த அடிமையைத் திருப்பி ஒப்படைக்காதே; அவன் விரும்புகிற ஊரில் இருக்க விடு; ஒடுக்காதே. பாபிலோனின் ஹமுராபி சட்டக் கல் பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதன்படி, ஓடிவந்த அடிமையைத் தன் வீட்டில் ஒளித்து வைத்தவனுக்கு மரண தண்டனை. அப்படிப்பட்ட உலகத்துக்கு நடுவே எழுந்த குரல் இது.

புதிய ஏற்பாட்டுக்கு வந்தால், குழந்தை இயேசுவே ஏரோதுக்குத் தப்பி எகிப்துக்குத் தூக்கிச் செல்லப்பட்டவர். எபிரெயர் நிருபம் விசுவாசிகளையே அடைக்கலம் தேடி ஓடி வந்தவர்கள் என்கிறது. அவர்களுடைய பிரதான ஆசாரியராக இயேசுவைக் காட்டுகிறது. பிரசங்கங்களில் இது வரும், நன்றாகவே வரும். அதோடு நின்றுவிடுகிறது என்பதுதான் என் குறை.

நிற்காத ஊர்களும் உண்டு. பிரான்ஸின் தெற்கே மலைமேல் இருக்கிறது லெ ஷாம்போன் என்ற சிற்றூர். மதத்துக்காகத் துரத்தப்பட்ட ஹியூகனாட் புராட்டஸ்டண்டுகளின் வாரிசுகள் அங்கே அதிகம். இரண்டாம் உலகப் போரில் போதகர் ஆந்த்ரே த்ரோக்மேயும் அவர் மனைவி மாக்தாவும் ஊர்க்காரர்களும் சுற்றுவட்டாரக் கிராமங்களும் சேர்ந்து, நாஜிகளுக்குத் தப்பி வந்த யூதர்கள் ஆயிரக்கணக்கானோரைப் பண்ணை வீடுகளிலும் விடுதிகளிலும் ஒளித்துக் காப்பாற்றினார்கள். 1943-இல் த்ரோக்மே கைதானார். அரசு சொல்வதற்கெல்லாம் கீழ்ப்படிவேன் என்று கையெழுத்துப் போட்டால் விடுதலை என்றார்கள், அவர் போடவில்லை. மாணவர் விடுதியைக் கவனித்துவந்த அவருடைய உறவினர் தானியேல் த்ரோக்மே, 1944-இல் மைதானெக் முகாமில் இறந்தார். இந்த ஊரைப் பற்றி பிலிப் ஹாலி 1979-இல் எழுதிய புத்தகத்தின் தலைப்பே உபாகமம் 19-இலிருந்து எடுத்தது.

நம் ஊருக்கு வருகிறேன். ‘காதல் ஜோடி காவல் நிலையத்தில் தஞ்சம்’ என்று செய்தி வராத வாரம் உண்டா? சாதி மாறிக் கல்யாணம் பண்ணிய இரண்டு பேர், யாரையும் கொன்றதில்லை. ஆனாலும் நெருங்கிய சொந்தமே துரத்துகிறது. இப்படிப்பட்டவர்களுக்கு மாவட்டத் தலைநகரங்களில் பாதுகாப்பு இல்லங்கள் அமைப்பதை மாநில அரசுகள் பரிசீலிக்க வேண்டும் என்று 2018 மார்ச் 27-இல் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இரவு பத்து மணிக்கு ஸ்டேஷன் வாசலில் நிற்கிற பெண்ணுக்கு அன்று ராத்திரி எங்கே படுப்பது என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியோடு என் போன் பலமுறை அடித்திருக்கிறது.

எங்கள் சபை வளாகத்தில் பழைய மிஷன் விடுதியின் இரண்டு அறைகள் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றைத் திறந்து கொடுங்கள் என்று கமிட்டிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கதவுக்கு நல்ல பூட்டு, கேட்டில் ராத்திரிக் காவலுக்கு ஒருவர், போலீசுக்கு முறையான தகவல், சாப்பாட்டுக்குப் பெண்கள் சங்கம். வழக்கு விஷயத்தை நானும் இரண்டு ஜூனியர்களும் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருக்கிறேன். எந்தச் சாதி, எந்த மதம் என்று வாசலில் கேட்கக் கூடாது என்பதைத் தனி வரியாக எழுதி அடிக்கோடு போட்டேன். சபைக்குள்ளேயும் சாதி இருக்கிறது, அதனால் அந்த வரிக்குத்தான் எதிர்ப்பு வரும் என்று தெரியும். மனுவோடு எண்ணாகமம் 35-ஐயும் உபாகமம் 19-ஐயும் பிரதி எடுத்து இணைத்திருக்கிறேன். கமிட்டி அடுத்த மாதம் கூடுகிறது.